கிரீட் தீவில் எங்கே, எப்போது, எதைச் சாப்பிடுவது?

கிரீட்டில் நல்ல கடை எது என்று தேடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: இது எந்த வகைக் கடை, இப்போது மணி என்ன? மதியம் ஒரு மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கும் புரெகி (காய்கறியும் சீஸும் அடுக்கி வேக வைத்தது) அருமையாக இருக்கும். அதே கடையில் அதே புரெகியை இரவு பத்துக்குக் கேட்டால் தட்டின் ஓரத்தில் மிஞ்சிய துண்டைச் சூடாக்கித் தருவார்கள். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, இருட்டிய பிறகு ஒன்று என்று இந்தத் தீவில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு வேளை உண்டு. இணையத்தில் நாலரை நட்சத்திரம் வாங்கிய கடையானாலும் வேளை தவறினால் ஏமாற்றம்தான்.

முதல் வேலை: தங்கும் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

கிரேக்கத்தின் மிகப் பெரிய தீவு கிரீட். கிழக்கு மேற்காகச் சுமார் 260 கிலோமீட்டர் நீளம், நடுவே முதுகெலும்பு போல மலைத்தொடர். ஹானியா, ரெதிம்னோ, ஹெராக்லியோன், லசிதி என்று நான்கு மாவட்டங்கள். ஹானியாவிலிருந்து ஹெராக்லியோனுக்குப் பேருந்தில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே, “தெற்குக் கரையில் மீன், கிழக்கே சீஸ், மேற்கே ஆட்டுக்கறி” என்று ஒரே நாளில் சுற்றும் திட்டம் பலிக்காது. ஓர் ஊரில் தங்கி, அதைச் சுற்றிச் சாப்பிடுங்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஹானியா பொருத்தம். கலங்கரை விளக்கத்தோடு கூடிய பழைய வெனிஸ் துறைமுகம் பார்க்க அழகு. ஆனால் தண்ணீரை ஒட்டி வரிசையாக நாற்காலி போட்டிருக்கும் கடைகளில் நீங்கள் காசு கொடுப்பது காட்சிக்கு. அங்கே சாயங்காலம் ஒரு காப்பி குடியுங்கள், போதும். சாப்பாட்டுக்கு இரண்டு தெரு உள்ளே நடக்க வேண்டும். மணிக்கோபுரமும் மினாரும் ஒன்றாக நிற்கும் புனித நிக்கோலஸ் தேவாலயத்தைச் சுற்றியுள்ள ஸ்ப்ளாண்ட்சியா சதுக்கமும் அதன் சந்துகளும் நல்ல இடம். மீன் வேண்டுமென்றால் துறைமுகத்திலிருந்து மேற்கே கால் மணி நேரம் நடந்தால் நேயா ஹோரா. அங்கே கடற்கரையோரம் மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

ஹெராக்லியோனை நோசோஸ் அரண்மனைக்கும் அருங்காட்சியகத்துக்குமாகப் பலர் அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். சாப்பாட்டு விஷயத்தில் அது தப்புக் கணக்கு. அந்த ஊர் சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பிழைக்கும் ஊர் அல்ல. ஊர்க்காரர்கள் ஆண்டு முழுக்க வெளியே சாப்பிடுகிறார்கள். கடைகள் தரத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும். ரெதிம்னோவின் குட்டித் துறைமுகம் படத்துக்கு அழகு, பர்ஸுக்கு ஆகாது. அங்கேயும் உள்தெருக்கள்தான். மாலியா, ஹெர்சோனிசோஸ் போன்ற கடற்கரைச் சுற்றுலா ஊர்கள் பக்கம் மூன்று வேளை சாப்பாட்டோடு சேர்த்து ஓட்டல் எடுத்துவிட்டால், கிரீட்டின் சமையலைப் பெரும்பாலும் பார்க்காமலே திரும்புவீர்கள். காலை உணவு மட்டும் சேர்த்து எடுங்கள்.

கடையின் வகையைப் பலகையில் படியுங்கள்

பெயர்ப் பலகையில் கடைப் பெயருக்கு மேலேயோ கீழேயோ வகை எழுதியிருக்கும். அதுதான் உங்களுக்குத் தேவையான தகவல்.

ஃபூர்னோஸ் என்றால் ரொட்டிக் கடை. காலை ஏழு மணிக்கெல்லாம் திறந்திருக்கும். கீரை வைத்த ஸ்பனாகோபிட்டா, சீஸ் வைத்த திரோபிட்டா, எள் தூவிய வளையமான குலூரி எல்லாம் கிடைக்கும். ஓட்டலில் காலை உணவு இல்லாதவர்களுக்கும், நாள் முழுக்க வெளியே சுற்றப் போகிறவர்களுக்கும் இதுவே துணை. பதினோரு மணிக்கு மேல் நல்ல பிட்டாக்கள் தீர்ந்துவிடும்.

புகாட்சா கடைகள் தனி ரகம். மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே சீஸோ கிரீமோ வைத்துச் சுட்டு, தட்டில் வைத்துத் துண்டு துண்டாக வெட்டித் தருவார்கள். ஹானியாவில் 1924 முதல் இருக்கும் இயோர்தானிஸ் கடையில் புளிப்பும் உப்பும் கலந்த மிஸித்ரா சீஸ் வைத்தது கிடைக்கும். மேலே சர்க்கரை தூவச் சொல்லலாம், முதல் தடவையே தூவச் சொல்வது நல்லது. ஹெராக்லியோனில் சிங்க நீரூற்று இருக்கும் சதுக்கத்தில் 1922-இல் தொடங்கிய கிர்கோர் இருக்கிறது. அங்கே கிரீம் வைத்தது பேர்போனது. இரண்டுமே காலைச் சாப்பாடு. மதியம் போனால் மாவின் மொறுமொறுப்பு போயிருக்கும்.

மாகிரியோ என்ற பலகையைக் கண்டால் நில்லுங்கள். நம் ஊர் மெஸ்ஸுக்கு உறவு என்று சொல்லிவிடலாம். விடிகாலையிலேயே ஏழெட்டு வகையைப் பெரிய தட்டங்களில் சமைத்து, கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். மெனுவைத் தேடாதீர்கள், நேரே போய் எட்டிப் பார்த்து, விரலால் காட்டிக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை, வழக்கமே அதுதான். பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைக்குள் போய்விட வேண்டும். மூன்றரைக்குப் போனால் பாஸ்டா மட்டும் மிஞ்சியிருக்கும்.

டவெர்னா என்பது சாப்பாட்டுக் கடைக்குப் பொதுப் பெயர். அதற்குள் ப்சாரோடவெர்னா மீனுக்கு, ஹசாபோடவெர்னாவும் ப்சிஸ்டாரியாவும் கரியில் சுட்ட இறைச்சிக்கு. மீன் கடையில் ஆட்டு விலாவும், இறைச்சிக் கடையில் கணவாயும் வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் பிறகு குறை சொல்கிறார்கள். மெனுவில் இரண்டும் இருக்கும். ஒன்றுதான் அந்தக் கடையின் வேலை.

ரகாதிகோ, மெஸெதோபொலியோ என்ற கடைகள் ராகி என்னும் சாராயத்தோடு சின்னத் தட்டுகளில் பலவகை தரும் இடங்கள். குடிக்காதவர்களும் போகலாம், சின்னத் தட்டுகளுக்காகவே போகலாம். இரவு ஒன்பதுக்கு மேல்தான் களைகட்டும். சூவ்லாகிக் கடைகளில் பிட்டா ரொட்டியில் சுருட்டிய கீரோஸ் என்ற சீவிய சுட்ட இறைச்சி நாலைந்து யூரோவுக்குள் முடிந்துவிடும். எந்த இறைச்சி என்று சொல்லாமல் கேட்டால் அனேகமாகப் பன்றி இறைச்சி வரும். கோழி வேண்டுமானால் “கொடோபுலோ” என்று சொல்ல வேண்டும்.

மணிக்கணக்கு

மாகிரியோவைத் தவிர மற்ற கடைகளில் மதியச் சாப்பாடு ஒன்றரையிலிருந்து நாலு வரை. இரவுச் சாப்பாடு ஊர்க்காரர்களுக்கு ஒன்பதுக்கு மேல். கோடையில் பத்து மணிக்குக் குழந்தைகளோடு குடும்பங்கள் வந்து உட்காருவதைப் பார்க்கலாம். ஏழு மணிக்கே போனால் இடம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் கரி இன்னும் கனலாகி இருக்காது. சுட்ட இறைச்சி வெளியே கருகி உள்ளே வேகாமல் வருவது இந்த நேரத்தில்தான். சிறு குழந்தைகள் இருந்தால் பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றிக்கொண்டு, இரவில் பிட்டாவும் தயிரும் பழமுமாக முடித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

மலைக் கிராமங்களில் ஞாயிறு மதியம் குடும்பங்களின் நேரம். சமையல் மிக நன்றாக இருக்கும், இடம் கிடைப்பது கஷ்டம். முந்தின நாளே போன் செய்துவிடுங்கள். பல கடைகளுக்கு ஞாயிறு இரவு விடுமுறை.

மெனுவில் கவனிக்க வேண்டியவை

விலைப்பட்டியல் வாசலில் இருக்க வேண்டும் என்பது சட்டம். உட்காருவதற்கு முன்பே நின்று படிக்கலாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். வரிகள் விலையிலேயே அடக்கம்.

பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோ “கட்.” என்ற சுருக்கமோ இருந்தால் அந்தப் பொருள் உறைய வைத்தது. கணவாய், இறால், உருளைக்கிழங்கு வறுவல் மூன்றிலும் இதை அடிக்கடி பார்க்கலாம். உறைய வைத்ததெல்லாம் மோசம் என்று இல்லை. பேய்க்கணவாயை உறைய வைத்தால் தசை மென்மையாகும் என்பதால் வேண்டுமென்றே செய்கிறார்கள். புதுக் கணவாயின் விலையை உறைந்த கணவாய்க்குக் கொடுக்காமல் இருந்தால் சரி. மெனுவின் அடியில் சாலட்டுக்கும் பொரிப்பதற்கும் எந்த எண்ணெய் என்றும் எழுதியிருக்கும். சாலட்டுக்கு ஆலிவ் எண்ணெய், பொரிக்கச் சூரியகாந்தி என்பது சாதாரணம். ஆலிவ் எண்ணெயிலேயே உருளைக்கிழங்கு பொரிக்கும் கடை கிடைத்தால் விட வேண்டாம்.

எட்டு மொழிகளில் மெனு, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் வெளிறிப்போன போட்டோ, வாசலில் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஒரு ஆள்: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் நடையைக் கட்டுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் தள்ள வேண்டியதில்லை. நல்ல கடைக்கும் ஆங்கில மெனு இருக்கும்.

கடையைச் சோதிக்க மலிவான வழி டாகோஸ். காய்ந்த பார்லி ரொட்டியைத் தண்ணீரில் லேசாக நனைத்து, துருவிய தக்காளி, மிஸித்ரா சீஸ், ஆலிவ் எண்ணெய், ஒரிகானோ போட்டுத் தருவது. மிஸித்ராவுக்குப் பதில் ஃபெட்டா இருந்தால், தக்காளியைத் துருவாமல் துண்டு போட்டிருந்தால், அந்தச் சமையலறைக்கு அக்கறை குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். வந்தவுடன் கடிக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தக்காளிச் சாறு இறங்கட்டும். அவசரப்பட்டால் பல்லுக்கு ஆபத்து. கால் மணி நேரம் விட்டால் கூழாகிவிடும்.

எவ்வளவு கேட்பது

புதிதாகப் போகிறவர்கள் தவறாமல் செய்வது அதிகமாகக் கேட்டுவிடுவது. இங்கே தட்டுகள் மேசை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவதற்கானவை. ஆளுக்கு ஒரு சாலட், ஆளுக்கு ஒரு முக்கிய உணவு என்று கணக்குப் போட்டால் பாதி மிஞ்சும். இரண்டு பேருக்கு ஒரு சாலட், ஒரு சின்னத் தட்டு, ஒரு பெரிய பதார்த்தம், ரொட்டி போதும். நாலு பேருக்கு இரண்டு சாலட், இரண்டு மூன்று சின்னத் தட்டுகள், இரண்டு பெரியவை. பற்றாவிட்டால் நடுவில் கேட்டுக்கொள்ளலாம்.

சமையலறையில் எது முதலில் தயாராகிறதோ அது முதலில் வரும். சாலட்டுக்கு முன்னால் இறைச்சி வந்தால் தவறு அல்ல. உங்களுக்கு வரிசை வேண்டும் என்றால் முதலில் இரண்டை மட்டும் கேட்டு, அவை முடிந்தபின் மற்றதைச் சொல்லுங்கள்.

இனிப்பைத் தனியாகக் கேட்க அவசரப்படாதீர்கள். பில் கேட்ட பிறகு பழமோ, தேன் ஊற்றிய தயிரோ, ரவைக் கேக்கோ ஒரு தட்டு வரும். கூடவே சின்னக் குப்பியில் ராகி. பெரும்பாலான டவெர்னாக்களில் இரண்டுக்கும் காசு கிடையாது. ராகி திராட்சைச் சக்கையைக் காய்ச்சி வடித்தது, கடும் சரக்கு. இலவசமாக வந்தாலும் வண்டி ஓட்டப் போகிறவர் தொட வேண்டாம். மலைப் பாதையும் ராகியும் ஒத்துப்போகாது. வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

கடையின் சொந்த ஒயினைக் கிலோ கணக்கில் கேட்பது வழக்கம். அரைக் கிலோ என்றால் அரை லிட்டர் கூஜா. தீவுக்கே உரிய வெள்ளைத் திராட்சை விதியானோ. பாட்டில் வாங்குவதாக இருந்தால் அதைக் கேளுங்கள்.

தீவுக்கு உரியவை

கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கிச் சுட்ட மூசாகாவும் கிரேக்க சாலட்டும் கிரேக்கம் முழுக்கக் கிடைக்கும். இங்கே வந்து அவற்றோடு நின்றுவிட வேண்டாம். ஹானியாவின் புரெகி: சீமைச் சுரைக்காய், உருளைக்கிழங்கு, மிஸித்ரா, புதினா அடுக்கி அடுப்பில் வேக வைத்தது. தெற்கே ஸ்ஃபாகியா பகுதியின் பிட்டா: சீஸை உள்ளே வைத்து மெல்லிசாகத் தட்டிய அடையின் மேல் தேன் ஊற்றியது. கலிட்சூனியா என்ற சின்னப் பைகளில் சீஸோ கீரையோ இருக்கும். மராதோபிட்டாவில் காட்டுச் சோம்புத் தழை.

இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு மலைதான் இடம். அந்திக்ரிஸ்டோ என்பது ஆட்டைப் பெரிய துண்டுகளாக்கி, உப்பு மட்டும் தூவி, நெருப்பைச் சுற்றி நிறுத்தி, தீ நேரடியாகப் படாமல் மணிக்கணக்கில் வேக வைப்பது. ப்சிலோரிடிஸ் மலைச் சரிவில் உள்ள அனோகியா இதற்குப் பேர்போன ஊர். எடை போட்டுத் தருவார்கள். பத்து நிமிடத்தில் வந்தால் அது அந்திக்ரிஸ்டோ இல்லை. சிகாரியாஸ்டோ, ஆலிவ் எண்ணெயிலேயே மெல்ல வதக்கிய ஆட்டுக்கறி. ஹானியாவுக்குத் தெற்கே பள்ளத்தாக்கு வழியாகப் போகும் தெரிஸோ கிராமத்தில் நன்றாகக் கிடைக்கும். இன்னும் மேலே திராகோனாவில் இருக்கும் ந்தூனியாஸ் கடையில் விறகடுப்பில், மண்சட்டியில் சமைக்கிறார்கள். கோடையில் முன்பதிவு இல்லாமல் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஹெராக்லியோனில் நகருக்குள்ளேயே பழைய கிரீட் சமையலைத் தேடிப் பிடித்துச் செய்யும் கடை பெஸ்கெஸி. அங்கும் முன்பதிவு தேவை.

நத்தையும் இந்த ஊர்ச் சாப்பாடுதான். உப்புத் தூவிய வாணலியில் கவிழ்த்துப் போட்டு, வினிகரும் ரோஸ்மேரியும் சேர்த்துப் பொரிப்பார்கள். பல் குத்தும் குச்சியால் உருவி எடுக்க வேண்டும். துணிந்தவர்களுக்கு ஒரு தட்டு, நாலு பேர் பகிர்ந்து.

மீன் வாங்கும் முறை

பெரிய மீன்களின் விலை கிலோவுக்கு எழுதப்பட்டிருக்கும். இதைத் தட்டுக்கான விலை என்று நினைத்துவிட்டுத்தான் பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைகிறார்கள். செய்ய வேண்டியது இதுதான்: ஐஸ் தட்டுக்குப் போய் மீனைப் பாருங்கள். கண் பிதுங்கித் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்கிறதா? ஒன்றைக் காட்டி, தராசில் வைக்கச் சொல்லுங்கள். கிலோ 70 யூரோ, மீன் 600 கிராம் என்றால் 42 யூரோ. எடை சுத்தம் செய்வதற்கு முன் போடுவது. குடலும் தலையும் அதில் சேர்த்தி. சரி என்று தோன்றினால் தலையாட்டுங்கள், இல்லையென்றால் சின்ன மீனைக் காட்டுங்கள். இரண்டு பேருக்கு 600 முதல் 800 கிராம் போதும்.

சிப்பூரா, லவ்ராகி இரண்டும் பெரும்பாலும் பண்ணையில் வளர்த்தவை. விலை குறைவாக இருக்கும், இருக்க வேண்டும். கடலில் பிடித்ததன் விலையை அவற்றுக்குச் சொன்னால் எங்கே பிடித்தது என்று கேளுங்கள். சிவப்பு நிற பர்பூனியா நம் நகரை மீனின் இனம். சின்னதாக இருந்தாலும் விலை அதிகம், முள்ளும் அதிகம். ஸ்காரோஸ் கிளிமீன், தெற்குக் கரையில் கிடைத்தால் விடாதீர்கள். கையில் காசு குறைவு என்றால் கவ்ரோஸும் சார்தெலாவும் இருக்கின்றன. நெத்திலியும் மத்தியும்தான். தட்டு விலைக்கே வரும், பொரித்தால் தலையோடு சாப்பிடலாம், நேற்றைய மீனாக இருந்தால் முதல் கடியிலேயே தெரிந்துவிடும்.

பலத்த காற்று இரண்டு நாள் அடித்தால் படகுகள் போகா. பௌர்ணமியை ஒட்டி விளக்கு வைத்துப் பிடிக்கும் சுருக்குவலைப் படகுகளும் ஓய்வெடுக்கும். அந்த நாட்களில் மத்தி, நெத்திலி வரத்து குறையும். மீன் கடைக்குப் போகும் நாளைக் காலண்டர் பார்த்து முடிவு செய்வது நம்மவர்களுக்குப் பழக்கமான காரியம்தானே.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

ஐரோப்பாவில் சைவர்கள் பட்டினி கிடக்காமல் இருக்கக்கூடிய இடங்களில் கிரீட் முன்வரிசையில் நிற்கும். காரணம் விரதம். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் முறைப்படி ஈஸ்டருக்கு முன் 48 நாள், ஆகஸ்ட் 1 முதல் 14 வரை, கிறிஸ்துமஸுக்கு முன் 40 நாள், போதாததற்கு ஆண்டு முழுக்கப் புதனும் வெள்ளியும் விரதம். இத்தனையையும் எல்லோரும் இன்று கடைப்பிடிப்பதில்லை. ஆனால் அதற்காகத் தலைமுறை தலைமுறையாக உருவான சமையல் கடைகளில் அப்படியே இருக்கிறது.

லடேரா என்ற தலைப்பை மெனுவில் தேடுங்கள். காய்கறிகளை ஆலிவ் எண்ணெய், தக்காளி, வெங்காயத்தோடு மெல்ல வேகவைத்தவை: பீன்ஸில் ஃபசோலாகியா, கலந்த காய்களில் பிரியாம், கத்தரிக்காயில் இமாம், பாமியெஸ் என்றால் வெண்டைக்காய். வெதுவெதுப்பாகத்தான் வரும். ஆறிப்போனதைத் தந்துவிட்டார்கள் என்று திருப்பி அனுப்ப வேண்டாம். அந்தச் சூட்டில்தான் எண்ணெயும் காயும் சேர்ந்து ருசிக்கும். தட்டில் மிஞ்சும் எண்ணெயை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட வேண்டும்.

ஹோர்தா என்றால் வேக வைத்த கீரை, எலுமிச்சம்பழமும் எண்ணெயும் ஊற்றி. கோடையில் வருவது பெரும்பாலும் வ்லீதா, நம் முளைக்கீரை, குப்பைக்கீரைக் குடும்பம். குளிர்காலத்தில் மலைக் கீரைகள். ஸ்டம்னகாதி என்பது முள்ளுச் செடியின் கசப்புக் கீரை, கொஞ்சம் விலை. கோடை சாலட்டில் பருப்புக்கீரையைப் பச்சையாகவே போடுவார்கள். ஃபாவா மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்தது. மேலே பச்சை வெங்காயம். கிகாந்தெஸ் பெரிய வெள்ளை மொச்சை போன்ற பயறு, ரெவிதியா கொண்டைக்கடலை, ஃபகெஸ் மைசூர்ப் பருப்பின் தோல் நீக்காத வகை. காரம் எதிலும் இருக்காது. மிளகாய்த் தூள் வேண்டுமென்றால் “பூகோவோ” என்று கேளுங்கள், இருந்தால் தருவார்கள்.

இனி பொறிகள். முதலாவது, நிஸ்திசிமோ என்ற விரதச் சாப்பாடு முழுச் சைவம் இல்லை. இறைச்சி, முட்டை, பால் கூடாது. ஆனால் கணவாய், பேய்க்கணவாய், இறால், சிப்பி, நத்தை எல்லாம் ரத்தம் இல்லாதவை என்ற கணக்கில் அனுமதி. “விரதச் சாப்பாடுதானே” என்று நம்பினால் தட்டில் கணவாய் இருக்கும். இரண்டாவது, கமோபிலாஃபோ. பார்க்க வெறும் வெள்ளைச் சோறு. ஆட்டு எலும்போ சேவலோ கொதித்த சாற்றில் வெந்தது. சைவர்கள் விரும்பிக் கேட்டுவிடும் முதல் பதார்த்தம் இதுதான். மூன்றாவது, டராமோசலாட்டா. தயிர்ப் பச்சடி மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கும், மீன் முட்டை. நான்காவது, யெமிஸ்டா என்ற அடைத்த தக்காளி, குடைமிளகாய். அரிசி மட்டும் அடைத்ததும் உண்டு, கொத்துக்கறி சேர்த்ததும் உண்டு. இறைச்சி இல்லாததை “ஓர்ஃபனா” என்று கேட்கலாம். திராட்சை இலையில் சுருட்டிய டோல்மாதெஸுக்கும் இதே எச்சரிக்கை. ஐந்தாவது, பொரிக்கும் எண்ணெய். மீன் கடையில் உருளைக்கிழங்கும் கணவாயும் ஒரே வாணலியில்தான். பாரம்பரிய சீஸ்களில் பலவும் கன்றின் அல்லது ஆட்டின் வயிற்று நொதியால் உறைய வைத்தவை என்பதையும் கண்டிப்பான சைவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

சொல்ல வேண்டிய வார்த்தைகள் இரண்டு. “ஹோரிஸ் க்ரியாஸ்”, இறைச்சி இல்லாமல். “ஹோரிஸ் ப்சாரி”, மீன் இல்லாமல். சூப்புக்கும் சோறுக்கும் “ஸோமோ?” என்று சேர்த்துக் கேளுங்கள், இறைச்சிச் சாறு சேர்த்ததா என்பது புரிந்துவிடும். பதிலில் “நே” என்றால் ஆமாம், “ஓஹி” என்றால் இல்லை. தலையைச் சட்டென்று மேலே தூக்கினாலும் இல்லை என்றே பொருள். நம் தலையாட்டல் அவர்களுக்குப் புரியாது, வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

ஹலால் பார்க்கிறவர்கள் இறைச்சியைத் தவிர்த்து மீனும் லடேராவுமாகப் போவது நிம்மதி. கொத்துக்கறி உருண்டைகளில் மாடும் பன்றியும் கலந்திருப்பது சாதாரணம்.

பில்

கேட்கும்வரை பில் வராது. உங்களைக் கிளப்புவது மரியாதை இல்லை என்பது அவர்கள் வழக்கம். “டோ லோகாரியாஸ்மோ, பரகலோ” என்றால் கொண்டுவருவார்கள். கூவெர் என்று ஆளுக்கு ஒரு சின்னத் தொகை இருக்கும், ரொட்டிக்கானது. வேண்டாம் என்றால் ரொட்டி வந்தவுடனே சொல்லுங்கள், சாப்பிட்ட பிறகு அல்ல. முறையான ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று மெனுவிலேயே அச்சிட்டிருப்பார்கள். மீன் எடையும் கூஜாக்களின் எண்ணிக்கையும் சரியா என்று ஒரு பார்வை பாருங்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை. நன்றாக இருந்தால் ஐந்திலிருந்து பத்து சதவீதம், சில்லறையாக மேசையில். அட்டை எங்கும் செல்லும் என்றாலும், மலைக் கிராமத்தில் இயந்திரத்துக்கு சிக்னல் கிடைக்காத நாள் உண்டு. ஆளுக்கு 30 யூரோவாவது ரொக்கமாக வைத்திருங்கள்.

வெளியே போகும் நாட்கள்

எலஃபோனிசி, பாலோஸ் இரண்டும் எல்லோரும் போகும் கடற்கரைகள். இரண்டிலும் சாப்பாடு என்று சொல்லத்தக்கது இல்லை. சிற்றுண்டிக் கடைகளில் சாண்ட்விச்சும் குளிர்பானமும். காலையில் ரொட்டிக் கடையில் ஆளுக்கு இரண்டு பிட்டா, பழம், ஒன்றரை லிட்டர் தண்ணீர் கட்டிக்கொண்டு போங்கள். சீஸ் வைத்தது வெயிலில் அதிக நேரம் தாங்காது. திரும்பும் வழியில் கிராமக் கடை ஒன்றில் நாலு மணிக்கு மதியச் சாப்பாடு சாப்பிடலாம்.

சமரியா பள்ளத்தாக்கு 16 கிலோமீட்டர் நடை. உள்ளே கடை கிடையாது, ஊற்றுத் தண்ணீர் உண்டு, காலி பாட்டில் போதும். இறங்கி முடிக்கும் இடமான ஆகியா ரூமெலியில் டவெர்னாக்கள் இருக்கின்றன. வந்து சேர்ந்ததும் முதலில் படகுச் சீட்டு, பிறகு சாப்பாடு. சாயங்காலப் படகைப் பிடிக்க எல்லோரும் ஒரே நேரத்தில் பில் கேட்பார்கள். படகு கிளம்ப முக்கால் மணி முன்னதாகவே கணக்கை முடித்துவிடுங்கள். ஓவனில் வேக வேண்டியதை அங்கே கேட்க வேண்டாம். தட்டத்தில் தயாராக இருப்பதைக் கேளுங்கள்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை கடற்கரை ஊர்களில் பெரும்பாலான கடைகளும் ஓட்டல்களும் மூடியிருக்கும். அப்போது ஹெராக்லியோன், ஹானியா, ரெதிம்னோ நகரங்களில் தங்குங்கள்; காட்டுக் கீரைக்கும் புது ஆலிவ் எண்ணெய்க்கும் அதுவே பருவம், துறைமுகத்தை விட்டு உள்ளே நடந்தால் ஊர்க்காரர்களின் கடைகள் திறந்திருக்கும்.